புகைபோக்கி உச்சியில் ஓர் ஆன்டெனா

தேனி வட்டாரத்தில் ஒரு ஜவுளி ஆலையின் மின்நிலையப் புகைபோக்கி சில ஆண்டுகள் இன்னொரு வேலையும் பார்த்தது. அதில் கட்டியிருந்த ஆன்டெனா வழியாகக் கிராமத்து நோயாளிகளின் கண்களை நகரத்து மருத்துவர் பார்த்தார்.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சுற்றுவட்டாரத்தில் ஐந்து கண் பரிசோதனை மையங்கள் இருந்தன. மையத்தில் இருப்பவர் பயிற்சி பெற்ற பணியாளர், மருத்துவர் தேனியில். இருவரும் வீடியோவில் பேசியாக வேண்டும். ஆனால் 2000-களின் நடுவில் அதைத் தாங்கும் இணைப்பு கிராமங்களில் அரிது. தனியாக வாடகைக்கு எடுக்கும் லீஸ்டு லைன், சாட்டிலைட் இரண்டுக்கும் செலவு அதிகம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் நடத்திய ஆய்வுக் குழு கையில் எடுத்தது, வீட்டில் ஓடும் அதே வைஃபையை. கருவிகள் மலிவு. அது ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் 2005 முதல் உரிமமும் தேவைப்படவில்லை.

அலையை ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாக்களை உயரத்தில் ஏற்றி, நடுவே எதுவும் மறைக்காமல் எதிரெதிரே நிறுத்தினால் வைஃபை பல கிலோமீட்டர் போகும். தேனியில் மிக நீண்ட இணைப்பு சுமார் 15 கிலோமீட்டர். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வைஃபை ஒவ்வொரு துண்டுத் தகவலையும் அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும். வரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். வேகம் படுத்துவிடும். ஒரே டவரில் இருக்கும் ஆன்டெனாக்களில் ஒன்று பேசும்போது மற்றது கேட்க முடியாது என்பது இன்னொரு தலைவலி. அனுப்பவும் வாங்கவும் தனித்தனி நேரம் ஒதுக்கி, மென்பொருளை மாற்றியே இதைத் தீர்த்தார்கள்.

அதைவிடப் பெரிய எதிரி மின்சாரம். வோல்டேஜ் எகிறி ரூட்டர் போர்டுகள் கருகின. திடீரென்று கரன்ட் போய் வந்ததில் மெமரி கார்டுகள் கெட்டன. பேட்டரிகள் அடியோடு வடிந்து வீணாயின. பழுதுகளில் பெரும்பகுதிக்கு மின்சாரத்தின் தரமே காரணம் என்று 2008-இல் அந்தக் குழு எழுதியது. உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் வலைப்பின்னல் நிலைத்தது.

இன்று கிளை அலுவலகத்தைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்க நினைப்பவருக்கு இவ்வளவு பாடு இல்லை. இரு பக்கமும் ஃபைபர் பிராட்பேண்ட் கிடைத்தால் லீஸ்டு லைனைத் தேட வேண்டாம். பொது இணையத்துக்குள்ளேயே பூட்டிய பாதை போடும் வி.பி.என். போதும். ‘வயர்கார்ட்’ என்ற இலவச வி.பி.என். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே சேர்ந்தது. விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றிலும் ஓடும். தலைமை அலுவலகத்தில் மட்டும் மாறாத ஐ.பி. முகவரி ஒன்றை வாங்கிவிட்டால், சிம் போட்ட ரூட்டரில் இயங்கும் கிளைகூட அதைத் தேடி வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டு அலுவலகமும் உள்ளே ஒரே முகவரி வரிசையை, உதாரணமாக 192.168.1 என்று தொடங்குவதை, வைத்திருந்தால் குழப்பம்தான். ஒன்றை முதலிலேயே மாற்றிவிட வேண்டும். ஃபைபர் எட்டாத, ஆனால் கண்ணுக்கு எட்டும் கிடங்குக்கோ ஆலைக்கோ 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடி இன்றும் நல்ல வழி.

வி.பி.என். போட்ட பிறகும் கணக்கு மென்பொருள் நகர மறுக்கிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். கிளையில் மென்பொருளை ஓட்டிக்கொண்டு தலைமை அலுவலகத்துக் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு சின்ன வேலைக்கும் தகவல் பலமுறை போய் வர வேண்டும். மென்பொருளைத் தலைமை அலுவலகக் கணினியிலேயே ஓடவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திரையை மட்டும் கிளைக்குக் கொண்டுவந்தால், சுமாரான இணைப்பிலும் பில் போடலாம்.

லீஸ்டு லைனைத் தவிர்த்து மிச்சமாகும் பணத்தில் ரூட்டருக்கென்று ஒரு யூ.பி.எஸ்., ஒழுங்கான எர்த், வேறு நிறுவனத்தின் சிம்மில் ஒரு மாற்று இணைப்பு, இந்த மூன்றையும் வாங்கிவிடுங்கள். ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.