ஒளியால் திருத்தப்படும் விழிலென்ஸ்

கண்புரை அறுவைச் சிகிச்சையில் மங்கிய இயற்கை லென்ஸை அகற்றிச் செயற்கை லென்ஸைப் பொருத்துவர். முன்கூட்டியே அளந்து தேர்ந்தெடுத்தாலும், புண் ஆறியபின் சிலருக்குச் சிறிது பார்வைப் பிழை எஞ்சுவதுண்டு. பெரும்பாலும் மூக்குக்கண்ணாடி அணிந்தே அதைச் சரிசெய்ய நேரும்.

இக்குறையைப் போக்க உருவானதே ஒளியால் திருத்தக்கூடிய லென்ஸ். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. மென்மையான சிலிக்கோனால் ஆன இந்த லென்ஸுக்குள் ஒளிக்கு வினைபுரியும் மூலக்கூறுகள் கலந்துள்ளன. அறுவைக்குப்பின் சுமார் மூன்று வாரங்கள் கழித்து, மருத்துவர் அளவான புற ஊதா ஒளியை லென்ஸின்மீது செலுத்துவார். ஒளி பட்ட இடத்தில் அம்மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. பிணையாதவை அவ்விடம் நோக்கி நகர்கின்றன. அதனால் அப்பகுதி சற்றே பருத்து, லென்ஸின் வளைவும் திறனும் மாறுகின்றன. மீண்டும் கத்தி படுவதில்லை.

வேண்டிய பார்வை கிட்டியதும், லென்ஸ் முழுவதும் ஒளி பாய்ச்சி எஞ்சிய மூலக்கூறுகளையும் பிணைத்துவிடுவர். அதன்பின் லென்ஸ் மாறாது.

அதுவரை வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரும் லென்ஸின் திறனை மாற்றிவிடக்கூடும். ஆகவே, இதற்கெனத் தரப்படும் பாதுகாப்புக் கண்ணாடியை, விழித்திருக்கும் நேரமெல்லாம், வீட்டினுள்ளும் அணிதல் வேண்டும். மருத்துவர் கூறும் நாள்வரை அதைக் கழற்றாதிருக்க நினைவூட்டுவது, உடனிருக்கும் குடும்பத்தார் செய்யக்கூடிய பேருதவி.