சுவிட்சை அணைத்தாலும் ஆபத்து நீங்காது

லிட்டில் இந்தியா உணவகங்களின் புகைபோக்கி விசிறி முதல் அடுக்குமாடிக் கட்டடங்களின் தண்ணீர்ப் பம்பு, மின்தூக்கி வரை, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த ‘டிரைவ்’ எனும் கருவி பயன்படுகிறது. விசிறியின் வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால், அதற்குத் தேவைப்படும் மின்திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

ஆனால், வாங்கும் முன்பே திட்டமிடுவது அவசியம்.

400 வோல்ட் மும்முனை மின்சாரத்தை டிரைவ் முதலில் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. அப்போது உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் சுமார் 565 வோல்ட் மின்னழுத்தம் சேரும். சுவிட்சை அணைத்தாலும் அது உடனே வடிந்துவிடாது. கருவியில் எழுதியுள்ள நேரம்வரை காத்திருந்து, மீட்டரால் சோதித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். துப்புரவு ஊழியர்களுக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

எண்ணெய்ப் புகையும் நீரும் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் டிரைவைப் பொருத்த வேண்டும். மோட்டாருக்குச் செல்லும் கேபிள் கவசமிட்டதாகவும், எர்த் இணைப்பு உறுதியாகவும் இருப்பது முக்கியம். மும்முனை டிரைவில் நேர்மின்சாரம் கசிந்தால், சாதாரண மின்கசிவுத் துண்டிப்பான் செயல்படாமல் போகலாம். அதனால் ‘பி’ வகைத் துண்டிப்பான் தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சிங்கப்பூரில் மின்கம்பி இணைப்புப் பணிகளுக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரையே அமர்த்த வேண்டும். அவரது உரிமம் உங்கள் கடையின் மின்சுமைக்குப் பொருந்துமா என்றும் பாருங்கள். எலக்ட்ரீஷியன் நிலை உரிமத்துக்கு 45 கிலோவோல்ட் ஆம்பியரே உச்சவரம்பு.