ஹவாய் பாஷை

ஹவாய்த் தீவுகளின் பாஷையில் மெய்யொலிகள் எட்டே; அவற்றுள் ஒன்று, தொண்டையைக் கணநேரம் அடைத்துத் திறக்கும் ஒலி. இரு மெய்கள் அடுத்தடுத்து வாரா. எச்சொல்லும் உயிரிலேயே முடியும். இதுகொண்டு அதனை ஏழைப் பாஷையென்பார் அதன் இலக்கணத்தை அறியார். ஆங்கிலத்தில் இல்லாத 'நாம்', 'நாங்கள்' என்னும் பேதம் அங்குண்டு. (பத்திரிகாசிரியரின் 'நாம்' எதில் அடங்குமோ!) 'என்' என்பதும் இருவகை: பிள்ளைக்குக் 'கஉ', தந்தைக்கும் தாய்நிலத்துக்கும் 'கொஉ'. நாமாக உண்டாக்கிக்கொண்ட சம்பந்தம் வேறு, பிறப்போடு வந்தது வேறென்பது கருத்து.

1893-ல் ராணி லிலியுஒகலானியைச் சிம்மாசனத்தினின்று இறக்கியவர்களின் குடியரசு, 1896-ல் ஆங்கிலமே பள்ளிகளில் போதனா பாஷையென்று சட்டம் செய்தது. 1978-ல் ஹவாய் பாஷை உத்தியோக பாஷையாயிற்று. ஆயினும் தாய்பாஷையில் போதிப்பதற்கிருந்த தடை நீங்கியது 1986-ல்தான், தொண்ணூறு வருஷங்கள்! அதற்கு முன்னரே, 1984-ல், சட்டத்துக்குக் காத்திராமல் 'பூனானா லெயோ' என்னும் மழலைப் பள்ளியைத் தொடங்கிவிட்டனர் அப்பாஷாபிமானிகள்.