தானே திருத்தும் கணினி

தட்டச்சுப் பொறியில் கடிதம் அடித்த காலத்தில், விரல் தவறிப் பதிந்த எழுத்து அப்படியே தாளில் நிற்கும். அழிப்பானைத் தேய்த்தோ வெள்ளைப் பூச்சைத் தடவியோ அதனை மாற்றுவோம். இன்றைய கணினியோ, நாம் கேளாமலேயே நம் எழுத்தைத் திருத்திவிடுகின்றது. தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளையும் ஒரே நாளில் எழுத வேண்டிய நம்மவர்க்கு இவ்வுதவி சில வேளைகளில் தொல்லையாகவும் முடிகின்றது. அதன் காரணத்தையும், அதனை நிறுத்தி வைக்கும் முறையையும் இங்கு விளக்குவோம்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் விலைப்பட்டியலை மலாய் மொழியில் கணினியில் அடிக்கின்றோம் என்று கொள்வோம். தேநீரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லுக்கு டி, இ, எச் என மூன்று எழுத்துகள். அவற்றை அடித்து இடைவெளிப் பொத்தானைத் தட்டியதும், கணினி அதனை ஆங்கிலமெனக் கருதியிருக்குமாயின், டி, எச், இ என்று எழுத்தை இடம் மாற்றிவிடும். 'தே தாரிக்' என்பது 'தி தாரிக்' ஆகிவிடும்! மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வேர்ட் மென்பொருளில், 1993ஆம் ஆண்டில் வெளிவந்த ஆறாம் பதிப்பு தொட்டு 'ஆட்டோகரெக்ட்' என்னும் ஏற்பாடு இருந்து வருகின்றது. ஆங்கிலத்தை விரைந்து அடிப்போர் அடிக்கடி செய்யும் தவறுகள் ஒரு புறமும், அவற்றிற்கான திருத்தங்கள் மறுபுறமுமாக ஒரு நீண்ட பட்டியல் அதனுள் உள்ளது. நாம் நாள்தோறும் அருந்தும் தேநீர் அப்பட்டியலில் பிழையாக இடம்பெற்றுவிட்டது.

பட்டியலில் இல்லாத சொற்களைக் கணினி வேறு முறையில் ஆராய்கின்றது. தன்னிடமுள்ள அகராதியில் சொல்லைத் தேடும். காணாவிடின், அதற்கு மிக நெருங்கிய சொல் எதுவெனப் பார்க்கும். பிரெடரிக் டாமெரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், தாம் ஆராய்ந்த எழுத்துப் பிழைகளில் நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டவை நான்கே வகையின என்று காட்டினார். ஓரெழுத்து மாறுதல், ஓரெழுத்து விடுபடுதல், ஓரெழுத்து மிகுதல், அடுத்தடுத்த ஈரெழுத்துகள் இடம் மாறுதல் என்பனவே அவை. இந்த நெருக்கத்தைக் கணக்கிடக் கணினிக்குத் தெரியும். பொருளை உணர்வது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்கள் சிலவற்றில், 'ஒத்துழைப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் நிற்க வேண்டிய இடத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள குப்பர்ட்டினோ என்னும் ஊரின் பெயர் வந்து அமர்ந்த கதையும் உண்டு.

ஊர்ப்பெயரைக் கண்டு நகைக்கலாம். நம் பிள்ளைகளின் பெயரென்றால் நகைக்க இயலுமா? லட்சுமி என்னும் ஒரே பெயர் நம் நாட்டுப் பிறப்புப் பத்திரங்களில் எத்தனையோ வகையாக எழுத்துக்கூட்டப்பட்டுள்ளது. அன்று பதிந்தவரின் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டதே இன்று சட்டப்படியான பெயர். உதவித்தொகை விண்ணப்பத்திலோ வங்கிப் படிவத்திலோ ஓரெழுத்து மாறினாலும், தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அலுவலகத்திற்கு அலைய வேண்டியவர் அப்பிள்ளையின் தாயோ தந்தையோதான். கணினியின் ஆங்கில அகராதிக்கு நம் பெயர்களுள் பல அந்நியமானவை. ஆதலின், பெயர்ப்பட்டியல் அடிக்குமுன் இவ்வேற்பாட்டை நிறுத்திவிடுதல் நன்று.

வேர்டைத் திறந்து, மேலே இடக்கோடியிலுள்ள 'ஃபைல்' என்பதை அழுத்துக. அதனுள் 'ஆப்ஷன்ஸ்', அதனுள் 'ப்ரூஃபிங்', பின்னர் 'ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்' என்று வரிசையாகச் செல்க. 'ரிப்ளேஸ் டெக்ஸ்ட் அஸ் யூ டைப்' என்னும் வரியின் முன்னுள்ள சிறு கட்டத்தில் சரிக்குறி காணப்படும். அதனை நீக்கி 'ஓகே' கொடுத்தால் போதும். முழுவதும் நிறுத்த விரும்பாதோர், அங்குள்ள பட்டியலில் வேண்டாத வரியை மட்டும் தேர்ந்து 'டெலீட்' என்பதை அழுத்தலாம். தேநீர் மட்டுமே தொல்லையெனில் இதுவே சிறந்த வழி. ஏதேனும் ஒரு சொல் மாறியவுடன், 'கண்ட்ரோல்' பொத்தானை அழுத்தியவாறே இசட் எழுத்தைத் தட்டினால், நாம் அடித்த சொல் மீண்டுவரும். கைப்பேசியில், 'செட்டிங்ஸ்' பகுதியில் விசைப்பலகைக்குரிய இடத்தில் இதனை நிறுத்தலாம்.

வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கும் வசதியும் அதே பக்கத்தில் உண்டு. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களைப் பயன்படுத்துவோர் அதனையும் நீக்க வேண்டும். பாமினியில் ஆங்கிலச் சிறிய 'எம்' அகரத்தையும், பெரிய 'எம்' ஆகாரத்தையும் தரும். எனவே, வாக்கியத் தொடக்கத்தில் நிற்கும் அம்மா 'ஆம்மா' ஆகக்கூடும். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்குத் தனியிடம் இருப்பதாலும், தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லையாதலாலும் அங்கு இத்தொல்லை எழாது.

சொல்லின் அடியில் சிவப்பு நெளிகோடு இடும் வசதி வேறு. அது எதனையும் மாற்றுவதில்லை. ஐயத்தைக் காட்டுவதோடு நின்றுவிடும். மாணவர்கள் அதனை வைத்துக்கொள்ளலாம் என்பதே நம் கருத்து. கோடு விழுந்த சொல்லை அகராதியில் தேடித் தாமே திருத்தும் மாணவருக்கு அச்சொல் மனத்தில் பதிகின்றது. தானாக மாறிய சொல்லையோ அவர் கவனிப்பதே இல்லை. தேர்வு மண்டபத்தில் எழுதுகோலைப் பிடிக்கும்போது பழைய பிழையே வந்து நிற்கும். ஆயினும், கோடு விழாத சொல்லெல்லாம் சரியென்று கொள்ளலாகாது. 'பல்லிக்குச் சென்றேன்' என்று எழுதினாலும் பல்லி தமிழ்ச் சொல்லே, கணினி வாளாவிருக்கும். லகர ளகர வேறுபாட்டை அங்கு நாமே நோக்க வேண்டும்.

பள்ளிக் கணினி அறையில் ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்துவதுண்டு. ஒருவர் நீக்கிய சரிக்குறி அடுத்து அமர்பவருக்கும் நீங்கியே இருக்கும். அவர் ஆங்கிலக் கட்டுரை அடிக்க வந்தவராயிருக்கலாம். வேலை முடிந்ததும் அதே வழியில் சென்று, குறியை மீண்டும் இட்டுவிட்டு எழுக.