நாற்றிலேயே தெரியும் திராட்சையின் குணம்

வைகை அணைக்குத் தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பந்தல்களில் ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை காய்க்கிறது. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மணம் அபாரம், ஆனால் பழத்தில் விதை உண்டு. மழை வந்தாலோ அடிச்சாம்பல் நோய் இலையைத் தாக்கும். விவசாயி மருந்துத் தெளிப்பானைத் தூக்கியாக வேண்டும்.

நோய் தாங்கும் ரகத்தோடு கலப்பினச் சேர்க்கை செய்யலாமே? செய்யலாம். ஆனால், விதையிலிருந்து வளரும் கொடி காய்க்கவே சில ஆண்டுகள் ஆகும். அதுவரை நூற்றுக்கணக்கான கன்றுகளுக்கு நிலமும் நீரும் வேண்டும்.

இங்கேதான் மரபணுக் குறிப்பான் கைகொடுக்கிறது. நாற்றின் இளம் இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துப் பார்த்தால், நோய் எதிர்ப்புக்கான பகுதி அதில் வந்திருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அமெரிக்கக் காட்டுத் திராட்சைகளில் அத்தகைய பகுதிகள் கண்டறியப்பட்டுள்ளன. பழம் விதையில்லாமல் காய்க்குமா என்பதைக்கூட 18ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவைப் பார்த்துக் கணிக்கலாம். திராட்சையின் முழு மரபணுத் தொகுதி 2007இல் வெளியானது இந்தத் தேடலை வேகப்படுத்தியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. மகரந்தச் சேர்க்கை வழக்கம்போலத்தான் நடக்கிறது. தேர்வு மட்டுமே முன்கூட்டி முடிகிறது. பன்னீர் மணம் குறையாமல் நோய் தாங்கும் கொடி வேண்டுமென்றால், தேர்ந்தெடுத்த கன்றுகளைத் திரும்பத் திரும்பப் பன்னீர் வகையோடு சேர்த்து, கடைசியில் பழத்தைச் சுவைத்தும் பார்க்கவேண்டும்.