செட்டிநாட்டு வளவு வீடுகளைப் புதுக்குதல்

புதுமனை கட்டுதல் பொருளுடையார்க்கு எளிது. பழுதுற்ற பெருமனையொன்றைப் பழைமை கெடாது புதுக்கி, இக்காலத்தார் வாழ்தற்கு ஏற்றதாக்குதலோ, பொருளோடு அறிவும் பொறுமையும் வேண்டி நிற்பது. அதன் முறை யாதென்பதைச் செட்டிநாட்டு வீடுகளைக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

காரைக்குடியைச் சூழ்ந்துள்ள 70-க்கு மேற்பட்ட ஊர்களில் இம்மனைகளை இன்றுங் காணலாம். பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இவற்றுட் பலவற்றைக் கட்டினர். பெருவீடுகள் பல, ஒரு தெருவில் முன்வாயிலும் மறு தெருவிற் பின்வாயிலும் உடையன. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுக்களைக் கட்டு என அவை ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்லும். வளவு என்பது நடுவில் வானம் நோக்கிய முற்றமும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும், அறைகளும் அமைந்த பகுதி. மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் அங்கே ஓர் அறையுண்டு. முற்றமே வீட்டிற்கு ஒளி தருவது, வெப்பக் காற்றை மேலே போக்குவது, கூரைநீரை ஏற்பது. ஆதலின் முற்றத்தை மூடுவோர் வீட்டின் மூச்சையே அடைப்போராவர்.

இத்தகைய வீடுகள் பாழ்பட்டமைக்குக் காரணம் என்னை? 1930-களின் வாணிக மந்தமும், 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், 1948-இல் அந்நாடு நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் இயற்றியதும் நகரத்தார் செல்வத்தைப் பெரிதுங் குறைத்தன. தொழில் நாடிக் குடும்பங்கள் சென்னைக்கும் அயல்நாடுகளுக்கும் பெயர்ந்தன. வீடோ பங்காளிகள் பலர்க்கும் பொது. ஒருவர் இசையாவிடினும் ஓடு மாற்றுதலும் அரிதாகும். திருமணத்திற்கும் படைப்பிற்கும் மட்டுந் திறக்கப்படும் வீட்டிற் கறையானும் மழையுமே நிலைக்குடிகளாகின்றன. ஈற்றில் மனையை இடித்துத் தூணும் நிலையும் கதவும் விற்றுப் பங்கிடுவாரும் உளர். காரைக்குடியில் பழம்பொருட் கடைகளில் இன்று நாம் காணும் தேக்குத் தூண்கள் பல, நேற்று ஒரு வளவைத் தாங்கியவையே.

புதுக்கத் தொடங்குவோர் முதற்கண் நோக்க வேண்டுவது நீரை. கூரையில் ஓர் ஓடு நழுவினால் அவ்வழி இறங்கும் நீர் மரத்தை உளுக்கச் செய்து, சுவரையும் ஊறச் செய்யும். ஆதலால் ஓட்டையும் நீர்த்தாரையையும் முற்றத்து வடிகாலையும் செப்பஞ் செய்த பின்னரே வண்ணமும் அழகும்.

அடுத்தது சுவர். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. சுண்ணாம்பைப் பல நாள் ஊறவிட்டு, மணல் கூட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்து அது. மேற்பூச்சிற்கு வெண்சுண்ணாம்பை மைபோல் அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். இச்சுவர் தரையினின்று ஏறும் ஈரத்தைத் தன் நுண்டுளைகளின் வழியே வெளிவிடும். வெடித்த இடத்தில் விரைவு கருதிச் சிமெண்டு பூசின், ஈரம் உள்ளே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் பொரிந்து உதிரும். வலிமை மிக்க பொருளே எவ்விடத்தும் நன்றென்று எண்ணுதல் இங்குப் பிழையாகின்றது.

தளத்திற்கு ஆத்தங்குடிக் கற்கள் இன்றுங் கிடைக்கின்றன. கண்ணாடித் தகட்டின்மேற் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கோலம்போல் வார்த்து, அதன்மேல் மணலுஞ் சிமெண்டும் இட்டு நீரில் ஊறவைப்பர், சூளையில் இடுவதில்லை. இவ்வாறு கையாற் செய்வோர்க்குத் தொழில் தருதலும் புதுக்குதலின் பயன்களுள் ஒன்று.

இனி, இக்காலத்தார்க்குக் குளியலறையும் கழிப்பறையும் மின்விளக்கும் இன்றியமையாதன. நீர் புழங்கும் அறைகளைப் பின்கட்டிலோ, புதிதாய்ச் சேர்க்கும் பகுதியிலோ அமைத்தல் நன்று. குழாய்களும் மின்கம்பிகளும் பழஞ்சுவரைக் குடையாது செல்லல் வேண்டும். புதிதாய்ச் சேர்ப்பது எதுவாயினும், பின்னொருநாள் எடுத்துவிடினும் பழைய வீட்டிற்கு ஊறு நேராததாய் இருத்தலே நல்விதி.

இவ்வாறு உயிர்பெற்ற வீடுகள் சில உள. கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் சில விருந்தினர் விடுதிகளாயின. செட்டிநாட்டு வீடொன்றின் பகுதிகள், 1996-இல் திறக்கப்பெற்ற முட்டுக்காட்டுத் தட்சிணசித்திராவில் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுக்கான முன்னிரற் பட்டியலில் இடம்பெற்றன.

விடுதியாக்கின் வீடு பிழைக்கும், குடி அயலாகிவிடும் என்று வருந்துவார் உளர். அவ்வருத்தம் பொருளற்றதன்று. எனினும், பூட்டிய வீடு ஒருவர்க்கும் உறவாகாது; இடிந்த வீட்டில் எவர்க்கும் மணவறை இடல் இயலாது. பயன்படுவதே பிழைக்கும் என்பது உண்மையாதலின், விருந்தினர்க்கு அறைகளை விடினும், பங்காளிகள் தம் மங்கல நாட்களில் வளவிற் கூடும் உரிமையை எழுத்தில் வைத்துக்கொள்ளல் தகும். நூல் நிலையம், பள்ளி, கைத்தொழிற் கூடம் எனப் பிற பயன்களையும் எண்ணலாம்.

நம் மாணவருட் பலர் ஊரில் இத்தகைய பெருமனை ஒன்றேனும் இருக்கும். விடுமுறையில் அதன் அளவெடுத்து, படம் வரைந்து, கட்டிய கொத்தர், தச்சர் வழிவந்தார் சொல்வனவற்றை எழுதி வைப்போமாக. புதுக்குவோர் நாளை வரினும், அவர்க்கு வேண்டிய குறிப்பு இன்றே நம் கையில் இருத்தல் வேண்டும்.