மோட்டர் ஏன் நின்று நின்று ஓடுகிறது?

சந்தேகங்களும் விளக்கங்களும்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் தோட்டங்களில் வெங்காயத்துக்குக் கிணறுதான் கதி. மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அடிக்கடி இறைக்க வேண்டும். மோட்டர் ஓடுவதும் நிற்பதுமாகத் தொல்லை கொடுப்பதும் அந்த நாட்களில்தான். இப்படி நடக்கும் தோட்டங்களில் பெரும்பாலும் பழுது மோட்டரில் இருப்பதில்லை. ஆனால் முதலில் மாற்றப்படுவது மோட்டர்தான், அதுவும் முன்பிருந்ததைவிடப் பெரிதாக. அந்த வீண்செலவு வேண்டாம் என்பதற்காகவே இந்த விளக்கங்கள்.

தண்ணீர் வருகிறதுதானே, நின்று நின்று ஓடினால் என்ன?

மோட்டர் எழும்பும் கணத்தில் வழக்கமாக ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் ஆறு மடங்கானால் சுற்றுக்கம்பியில் பிறக்கும் சூடு 36 மடங்கு. அது கணநேரம்தான், தொடர்ந்து ஓடினால் விசிறி அந்தச் சூட்டை ஆற்றிவிடும். சில விநாடிக்கு ஒருதரம் எழும்பினால் ஆறுவதற்கு நேரமேது? முதலில் கபசிட்டர் போகும், பிறகு சுற்றுக்கம்பி கருகும். சிறிய மோட்டர்கூட ஒருமுறை எழும்பினால் ஒரு நிமிடமாவது ஓட வேண்டும்.

பழுது எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாவியை எடுக்கும் முன் கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். எத்தனை விநாடி ஓடுகிறது, எத்தனை விநாடி நிற்கிறது என்று ஐந்தாறு தடவை எழுதிக்கொள்ளுங்கள். பாதி விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

பிறகு தோட்டத்துக்குப் போகும் வால்வுகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். யாரும் தண்ணீர் எடுக்காதபோதும் மோட்டர் எழும்பினால் எங்கோ கசிவு. எந்தப் பக்கம் என்று அறிய, அழுத்தத் தாங்கியை அடுத்துத் தோட்டப் பக்கமாக உள்ள வால்வைப் பூட்டி, மோட்டரை நிறுத்தி, அழுத்தமானியைப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் கசிவு தோட்டத்துக் குழாயில். முள் இறங்கினால், வெளியே ஈரம் எதுவும் தெரியாதபோது, தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகிறது. உறிஞ்சு குழாயின் அடியிலிருக்கும் புட்வால்வு இறுகப் பூட்டவில்லை.

நிலாவெளியில் ஒரு தோட்டத்தில் அப்படிக் கழற்றிய புட்வால்வை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். ரப்பர் வட்டுக்கும் பித்தளை விளிம்புக்கும் நடுவே விரல்நகத்தளவு சிப்பித்துண்டு ஒன்று செருகியிருந்தது. அதை எடுத்துவிட்டு, பழையதையே கழுவிப் பூட்டினார்கள். மோட்டர் அன்றோடு அடங்கியது. அந்த வீட்டார் அதற்குள் புதிய மோட்டருக்கு விலை விசாரித்து வைத்திருந்தார்கள்.

தண்ணீர் பாயும்போதே சில விநாடிக்கு ஒருதரம் நிற்கிறதே?

தாங்கியில் காற்று இல்லை. தாங்கிக்குள் ஒரு ரப்பர் பை இருக்கும். பைக்குள் தண்ணீர், வெளியே அடைபட்ட காற்று. மோட்டர் ஓயும்போது அந்தக் காற்றுத்தான் தண்ணீரைத் தள்ளும். காற்று இறங்கிவிட்டால் தள்ள எதுவுமில்லை, அழுத்தம் உடனே விழும், மோட்டர் உடனே எழும்பும்.

தாங்கியின் காற்று வால்வு டயர் வால்வு போலவே இருக்கும். அதன் ஊசியை அழுத்துங்கள். காற்று வந்தால் நிரப்பினால் போதும். தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். நிரப்பும்போது மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீரை முழுதாக வடித்துவிடுங்கள். மோட்டர் எழும்பும் அழுத்தம் 20 இறாத்தல் என்றால் காற்று 18 இறாத்தல், அதாவது இரண்டு குறைவாக. ஓட்டோ டயருக்கு அடிக்கும் பம்பே போதும்.

மோட்டரை எழுப்பி நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் மூடியையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கடற்கரையோரம் உப்புக்காற்றில் அதன் முனைகள் கருகிப் பூத்திருக்கும். எறும்பு குடியிருப்பதும் உண்டு. மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே மூடியைத் தொட வேண்டும்.

தாங்கி நன்றாக இருக்கிறது. ஆனாலும் நிமிடத்துக்கு ஒருதரம் நிற்கிறதே?

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறிய தோட்டங்களில் இது அதிகம். ஒரு கணக்குப் பார்ப்போம். மோட்டர் நிமிடத்துக்கு 40 லீற்றர் தருகிறது. திறந்திருக்கும் ஒரு பாத்தி வரிசை 10 லீற்றர்தான் குடிக்கிறது. 20 இறாத்தலில் எழும்பி 40 இறாத்தலில் நிற்கும் அமைப்பில் 24 லீற்றர் தாங்கி உண்மையில் கொடுப்பது சுமார் 8 லீற்றர். மிச்சத் தண்ணீர் அதை 16 விநாடியில் நிரப்பிவிடும். பாத்தி அதை 48 விநாடியில் குடித்துவிடும். மணிக்கு 56 தடவை மோட்டர் எழும்பும்! எந்தப் பாகமும் பழுதில்லை, பொருத்தம்தான் இல்லை.

ஒரே நேரத்தில் நான்கு வரிசைகளைத் திறந்துவிட்டால் மோட்டர் நிற்காமல் ஓடி, வேலையையும் வேகமாக முடிக்கும். காசு செலவில்லாத இந்த வழியை முதலில் செய்து பாருங்கள். அதற்கு இடமில்லையென்றால்தான் பெரிய தாங்கி.

கனநேரம் ஓடி, நின்று, கால்மணி கழித்துத் தானாக எழும்பினால்?

மோட்டரின் உடல் தொட முடியாத சூடா? உள்ளிருக்கும் வெப்பக் காப்புச் சுவிட்ச் நிறுத்தியிருக்கிறது. எல்லோரும் இறைக்கும் மாலை வேளையில் 230 வோல்ட் இருக்க வேண்டிய மின்சாரம் 200க்குக் கீழே இறங்கினால் இப்படி ஆகும். மின்னியலாளரைக் கொண்டு மோட்டர் ஓடும்போதே அளக்கச் சொல்லுங்கள். தூரத்துக் கிணற்றுக்கு மெல்லிய வயர் இழுத்திருந்தாலும் இதே கதைதான். சூடு இல்லையென்றால் கிணற்றை எட்டிப் பாருங்கள். நீர்மட்டம் இறங்கி மிதவைச் சுவிட்ச் நிறுத்தியிருக்கலாம்.

கிணறு வற்றி வற்றி ஊறுகிறது. பெரிய மோட்டர் போட்டால் சரிவருமா?

வராது. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊறும் வேகத்தைவிட வேகமாக இறைப்பதால்தானே மட்டம் இறங்குகிறது? பெரிய மோட்டர் இன்னும் சீக்கிரம் வற்றவைத்து, இன்னும் அடிக்கடி நிற்கும். கடற்கரை மணலில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அங்கே நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்லநீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்லநீர் இருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அறிந்த கணக்கு. மேலே ஓர் அடி நிரந்தரமாகக் குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். உப்பு ஏறிய கிணற்றுத் தண்ணீரில் வெங்காயத் தாள் நுனி கருகும். அந்தக் கிணறு தேற மாரிமழைகள் வேண்டும்.

மோட்டரிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்து வால்வைச் சற்றுத் திருகி, கிணறு ஊறும் வேகத்துக்கு இறைப்பைக் குறையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் குறைக்கக் கூடாது. அதிகாலையில் பாதி, பின்னேரம் பாதி என்று பிரித்து இறையுங்கள். கோடை முழுதும் கிணற்றுத் தண்ணீரின் உப்பை அளந்து வர, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.